பேட் மட்டும் போதுமா, டிஸ்க்கும் மாற்ற வேண்டுமா?
வாசகர் கேள்விகள்: கார் பிரேக்

சேலம் வாசகர்: என் கார் 48,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் முன் பேட் தேய்ந்துவிட்டது, டிஸ்க்கையும் சேர்த்து மாற்றினால்தான் நல்லது என்கிறார்கள். அவசியமா?

டிஸ்க்கை, அதாவது சக்கரத்தோடு சுற்றும், பேட்கள் இருபுறமும் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டை, அளந்து பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். ‘சேர்த்தே மாற்றிடலாம் சார்’ என்பது மட்டும் காரணமாகாது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதன் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ ‘மின் டிஹெச்’ (MIN TH, குறைந்தபட்சத் தடிமன்) என்ற ஆங்கில எழுத்துகளோடு ஒரு எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தடிமனுக்குக் கீழே போனால் டிஸ்க் குப்பைக்குத்தான். பெரும்பாலும் இது புது டிஸ்க்கின் தடிமனைவிட 2 மி.மீ. குறைவாக இருக்கும். புதிதில் 20 மி.மீ. என்றால் 18-க்கு வந்ததும் மாற்ற வேண்டும்.

அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பேட் படாத வெளி விளிம்பு தேயாமல் உதடு மாதிரி தூக்கி நிற்கும். சாதாரண வெர்னியரை வைத்தால் அதன் தாடை அந்த உதட்டில் உட்கார்ந்து, தேய்ந்த டிஸ்க்கைக்கூடப் புதிது என்று காட்டும். மைக்ரோமீட்டரால், விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, சுற்றிலும் ஏழெட்டு இடங்களில் அளக்க வேண்டும். எல்லா இடத்திலும் குறைந்தபட்ச எண்ணுக்கு மேல் நல்ல இடைவெளி இருந்து, வெடிப்போ நகம் மாட்டுகிற அளவு ஆழமான கோடுகளோ இல்லையென்றால் பேட் மட்டும் போதும். பொதுவாக ஒரு டிஸ்க் இரண்டு செட் பேட்டுக்குத் தாங்கும். ஆனால் குறைந்தபட்ச அளவுக்கு அரை மி.மீ. மேலேதான் இருக்கிறது என்றால் அடுத்த பேட் தேய்வதற்குள் அது எல்லையைத் தாண்டிவிடும். அப்போது சர்வீஸ்காரர் சொல்வதே சரி.

பேட் விஷயத்தில், தேய்கிற பகுதியை மட்டும் அளக்க வேண்டும். அதன் முதுகில் இருக்கும் இரும்புத் தகடே ஏறக்குறைய 5 மி.மீ. இருக்கும். அதையும் சேர்த்து ‘இன்னும் 8 மி.மீ. இருக்கே’ என்று ஓட்டுபவர்கள் உண்டு. புதிதில் 10 முதல் 12 மி.மீ. வரை இருக்கும் அந்தப் பகுதி 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றிவிடுங்கள். எதை மாற்றினாலும் இடது, வலது இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

கும்பகோணம் வாசகர்: முன் சக்கர பேட்களை வீட்டிலேயே மாற்ற ஆசை. ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு. எப்படிச் செய்வது, எங்கே தப்பு வரும்?

பேட்டைக் கழற்றி மாட்டுவது கால் மணி நேர வேலை. அதைச் சுற்றிச் சுத்தம் செய்வதற்குத்தான் மீதி நேரம் முழுக்கப் போகும், அதைத் தவிர்ப்பதால்தான் பாதிப் புகார்கள் வருகின்றன.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் அல்லது கட்டை கொடுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி ஏற்றுங்கள். ஜாக்கியை நம்பி வேலை செய்யாமல் கீழே ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். மேல் கோடு வரை இருந்தால் ஒரு சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் மேலேறி வழியும், பெயிண்டில் பட்டால் அரித்துவிடும்.

ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போவது நல்லது. எந்த கிளிப் எங்கே இருந்தது என்ற சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு காரணமும் உண்டு. பிஸ்டனையும் பேட்டையும் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பர் இரண்டையும் கழற்றிவைத்து ஒன்றின் பிஸ்டனை அழுத்தினால் மற்றதின் பிஸ்டன் வெளியே வந்து விழக்கூடும்.

கேலிப்பர் ஸ்லைடு பின் என்ற கம்பிகளில்தான் நழுவி நகரும்; அதைப் பிடித்திருக்கும் ஸ்லைடு பின் போல்டுகள் சிறிய கார்களில் பெரும்பாலும் 12 அல்லது 14 சைஸ். போல்டோடு பின்னும் சேர்ந்து சுற்றினால் மெல்லிய ஸ்பேனரால் பின்னைப் பிடித்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் கீழ் போல்டை மட்டும் கழற்றி கேலிப்பரை மேலே மடக்கலாம். முழுதாகக் கழற்றினால் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஆயில் போகும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும், அது வெளியில் தெரியாது.

பழைய பேட்டை எடுத்ததும் எது உள்ளே, எது வெளியே, பேட்டின் முதுகில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடு எந்தப் பக்கம், தேய்மானத்தைக் கத்திச் சொல்லும் சின்ன இரும்பு நாக்கு எந்த பேட்டில் இருந்தது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். பேட்டின் காதுகள் உட்காரும் ஸ்டீல் கிளிப்புகளைப் பிடுங்கி, அவற்றின் அடியில் பொரிந்திருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். புது பேட் விரலால் தள்ளினாலே கிளிப்பில் நகர வேண்டும். சுத்தியலால் தட்டி உட்காரவைக்க வேண்டியிருந்தால் துரு இன்னும் மிச்சம் இருக்கிறது. தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம், அது நுரையீரலுக்குக் கெடுதல். பிரேக் கிளீனர் அடித்து ஈரத்துணியால் துடையுங்கள்.

பிஸ்டனின் மேல் பழைய பேட்டை வைத்து சி கிளாம்பால் மெதுவாக, நேராகத் தள்ளுங்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை (பூட்) கிழிந்திருந்தால் வேலையை அத்தோடு நிறுத்திவிட்டு கேலிப்பர் கிட் வாங்க வேண்டியதுதான். ஸ்லைடு பின்களை உருவித் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். சாதாரண மஞ்சள் கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதி, ஆறே மாதத்தில் பின் இறுகிவிடலாம். மேல் பின்னும் கீழ் பின்னும் சில கார்களில் வேறுவேறு, இடம் மாற்றிப் போடாதீர்கள். பேட்டின் காதிலும் முதுகிலும் ஒரு பூச்சு கிரீஸ் போதும், தேயும் பக்கத்தில் துளியும் படக்கூடாது.

டிஸ்க்கையும் மாற்றுவதாக இருந்தால் கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டையும் கழற்ற வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் நடுப்பாகமான ஹப்பில் டிஸ்க் துருவால் ஒட்டிக்கொண்டு வராது. அடிக்காதீர்கள். ஜப்பானிய, கொரிய கார்களின் டிஸ்க்கில் பெரும்பாலும் இரண்டு மரை துளைகள் இருக்கும். அவற்றில் 8 மி.மீ. போல்டுகளை மாறி மாறி இறுக்கினால் டிஸ்க் தானாகவே வெளியே வரும். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், பிரேக் கிளீனரால் கழுவாமல் மாட்டினால் புது பேட் அந்த எண்ணெயைக் குடித்துக் கெட்டுவிடும்.

இறுக்கும் அளவுக்கு உங்கள் காரின் மேனுவலைப் பாருங்கள். தோராயமாக ஸ்லைடு பின் போல்டு 20 முதல் 35 நியூட்டன் மீட்டர், பிராக்கெட் போல்டு 80 முதல் 110, வீல் நட்டு 85 முதல் 110. ஸ்லைடு பின் போல்டு சின்னது, பலம் காட்டினால் மரை போய்விடும்.

கடைசியாக ஒன்று, இதை மறந்தால் விபத்துதான். வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடலை மெதுவாகப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும், பிரேக் பிடிக்காது. கெட்டியான பிறகு ஆயில் அளவைச் சரிபார்த்து, ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்கு மிதமாகக் குறைத்து, கொஞ்சம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி குறைத்து என்று பத்து முறை செய்யுங்கள். சூடாக இருக்கும்போது முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டு நிற்கக்கூடாது. முதல் 200, 300 கி.மீ. வரை கடும் பிரேக் வேண்டாம்.

கோவை வாசகர்: டிஸ்க், பேட் எல்லாமே புதிது. மாற்றியபோது வெண்ணெய் மாதிரி இருந்தது. மூன்று மாதம் கழித்து 80 கி.மீ. வேகத்தில் பிரேக் தொட்டால் ஸ்டீயரிங் ஆடுகிறது. ‘டிஸ்க் பெண்ட், கம்பெனி சரியில்லை’ என்கிறார் மெக்கானிக்.

முதல் நாளே ஆடாமல் மூன்று மாதம் கழித்து ஆடுவதுதான் இதில் முக்கியமான துப்பு. ஹப் முகத்தில் மிச்சமிருந்த துருவின் மேலேயே புது டிஸ்க்கை உட்காரவைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஹப்பில் ஒரு துருப்பொருக்கு நூற்றில் சில பங்கு மி.மீ. இருந்தாலும் டிஸ்க்கின் ஓரத்தில் அது பெரிதாகித் தள்ளாட்டமாகும். நீங்கள் பிரேக் பிடிக்காமல் ஓட்டும்போதும் அந்தத் தள்ளும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை உரசிவிட்டுப் போகும். சில ஆயிரம் கி.மீ. ஓடியதும் அந்த இடம் மட்டும் மெலியும். அதன்பின் மிதிக்கும்போதெல்லாம் பேட் தடித்த இடம், மெலிந்த இடம் என்று மாறி மாறிப் பிடிக்க, ஸ்டீயரிங் உதறுகிறது. 0.02 மி.மீ. தடிமன் வித்தியாசமே கையில் தெரியும். டிஸ்க் உண்மையில் ‘வளைவது’ அபூர்வம்.

நுண்ணிய ஆட்டத்தை ஊசியால் காட்டும் டயல் கேஜ் உள்ள இடத்துக்குப் போங்கள். வீல் நட்டுகளை வாஷர் வைத்து இறுக்கிவிட்டு, டிஸ்க்கைச் சுற்றி ஊசியின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. அதிகமென்றால் டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தைப் பளபளவென்று சுத்தம் செய்துவிட்டு மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் அதிகமென்றால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டிப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துவரவில்லையென்றால் ஹப் அல்லது பேரிங்கைச் சந்தேகியுங்கள். ஏற்கெனவே மெலிந்த டிஸ்க்கை, குறைந்தபட்சத் தடிமன் இடம் கொடுத்தால், லேத்தில் கொடுத்து முகம் எடுக்கலாம். ஹப்பைச் சுத்தம் செய்யாமல் இன்னொரு புது டிஸ்க் போட்டால் இன்னொரு மூன்று மாதத்தில் இதே கேள்வியை எழுதுவீர்கள்.

டயர் கடையில் ஏர் கன்னால் வீல் நட்டுகளைத் தாறுமாறாக இறுக்குவதும் இதே தள்ளாட்டத்தைக் கொண்டுவரும். பிரேக் தொடாமலே ஆடினால் அது பெரும்பாலும் வீல் பேலன்ஸிங் சமாச்சாரம், பிரேக்கைப் பிரிக்க வேண்டாம்.

நாகப்பட்டினம் வாசகி: மழை பெய்த மறுநாள் காலையில் முதல் பிரேக்கில் ‘கரகர’ என்று சத்தம்.

டிஸ்க் வார்ப்பிரும்பு, ஒரே இரவில் மேல்துரு பூக்கும், கடற்கரை ஊரில் இன்னும் சீக்கிரம். நாலைந்து மிதியில் போய்விட்டால் கவலை வேண்டாம். தெருமுனை தாண்டியும் தொடர்ந்தால் பேட்டைப் பாருங்கள். மீட்டர் கணக்கில் நீளும் ‘கீ’ என்ற மெல்லிய கீச்சு, பேட் முடியப்போகிறது என்று அந்த இரும்பு நாக்கு கத்துவது. ‘கர்ர்’ என்று அடித்தொண்டைச் சத்தம் என்றால் பேட் முடிந்து தகடே டிஸ்க்கைத் தின்னுகிறது.

போடிநாயக்கனூர் வாசகர்: ஒரே சக்கரத்தில் உள்பக்க பேட் தகடு வரை தேய்ந்துவிட்டது, வெளிப்பக்கம் பாதிக்கு மேல் இருக்கிறது. பேட் தரம் சரியில்லையா?

பேட் மேல் பழி போட வேண்டாம். நழுவும் வகைக் கேலிப்பரில் பிஸ்டன் உள் பேட்டை அழுத்தும், அந்த எதிர்விசையில் கேலிப்பர் முழுதும் பின்களில் நழுவி வெளி பேட்டை இழுக்கும். ஸ்லைடு பின் இறுகினால் கேலிப்பர் நகராமல் உள் பேட் மட்டும் வேலை செய்யும். முதலில் பின் விரலால் நகர்கிறதா பாருங்கள். நகர்ந்தால் அடுத்து பிஸ்டன். கிளாம்பில் தள்ளும்போது முரண்டு பிடிக்கிறதென்றால், கேலிப்பரிலிருந்து ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் பிளீடர் நிப்பிளைத் திறந்துவிட்டு மறுபடி தள்ளுங்கள். இப்போது சுலபமாகப் போனால் கேலிப்பர் நல்லது, ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. அப்போதும் போகவில்லையென்றால் பிஸ்டனில் துரு. காரணத்தைச் சரிசெய்யாமல் புது பேட் போட்டால் அதுவும் இப்படியே போகும்.

நாமக்கல் வாசகர்: கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி ஆகி அடியில் போய்விட்டது. ஒரு மணி நேரம் நிறுத்திய பிறகு சரியானது. பேட், டிஸ்க் போன மாதம்தான் போட்டேன்.

பிரேக் ஆயிலை மாற்றினீர்களா? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற ரக ஆயிலுக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகான தர அளவு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230-லிருந்து 155. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் கேலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். ஆவியை அழுத்தலாம், அதனால் பெடல் அடியில் போகிறது. ஆறியதும் குமிழ் மறைந்து ‘சரியாகிவிட்டது’ போலத் தோன்றும். அது சரியாகவில்லை, அடுத்த இறக்கத்தில் திரும்ப வரும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காமல் போனால் அது வேறு கதை, பேட் அளவுக்கு மீறிச் சூடாகி வழுக்குகிறது.

மேனுவல் சொல்லும் ரகத்தில் ஆயிலை முழுதாக மாற்றி ஏர் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் இருந்தால் சிறிய காருக்குத் தாராளம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். திறந்து வைத்த பழைய பாட்டிலை ஊற்ற விடாதீர்கள். இறக்கத்தில் செகண்ட் கியர், தேவைப்பட்டால் ஃபர்ஸ்ட். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை வளைவுக்கு முன் விட்டு விட்டு மிதித்தால் போதும். வழியில் மறுபடி பெடல் இறங்கினால் படபடவென்று மிதித்துக்கொண்டே கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள்.

ஓசூர் வாசகர்: பின்பக்கமும் டிஸ்க், பட்டனில் ஹேண்ட் பிரேக். இதையும் கிளாம்ப் வைத்துத் தள்ளலாமா?

கூடாது. பட்டன் ஹேண்ட் பிரேக்கில் மோட்டாரை ஸ்கேனர் மூலம் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோய்ப் பின்வாங்க வைத்த பிறகுதான் பிஸ்டனைத் தள்ள வேண்டும். இல்லையென்றால் மோட்டாரோ அதன் பல்லோ உடையும், செலவு பேட் விலையைப் பல மடங்கு தாண்டும். கேபிள் ஹேண்ட் பிரேக் சேர்ந்த பின்பக்கக் கேலிப்பர் என்றால் பிஸ்டனை அதற்கான டூலால் திருகிக்கொண்டே உள்ளே செலுத்த வேண்டும்.

மதுரை வாசகர்: எலெக்ட்ரிக் காருக்கு பேட்டே தேயாது என்கிறார்களே?

மெதுவாகத் தேயும். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேட்டுக்கு வேலை குறைவு. ஆனால் வேலை இல்லாததாலேயே டிஸ்க்கில் துரு தங்கும், ஸ்லைடு பின்கள் இறுகும். வருடம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி பின்களைச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். அவ்வப்போது, பின்னால் வண்டி வராதபோது, நாலைந்து முறை அழுத்தமாக பிரேக் மிதியுங்கள். மோட்டார் வேகத்தைக் குறைக்கும் அந்த மீள்சக்தி அளவைக் குறைத்துவைக்க உங்கள் காரில் வசதி இருந்தால் அந்த நேரத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் பேட் டிஸ்க்கை முழுதாகத் தொடும்.