வீட்டுக்குள் வளர்க்கும் ஆமைத் தொட்டிக்கு நாமே வடிகட்டி செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி, தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சின்ன பம்ப், இரண்டு குழாய், இவ்வளவுதான் அடிப்படை. ஆமை மீனைவிடப் பலமடங்கு கழிவு விடும் என்பதால், தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீருக்குத் தாங்கும் வடிகட்டியாகச் செய்யுங்கள்.

வாளி தொட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும். பம்ப் ஏற்றும் நீர் வாளியின் அடியில் இறங்கி, முதலில் முரட்டு ஸ்பான்ஜ், பிறகு மெல்லிய ஸ்பான்ஜ், கடைசியில் பீங்கான் வளையங்கள் வழியாக மேலேறி, விளிம்புக்குக் கீழே பொருத்திய குழாயில் திரும்பி விழ வேண்டும். இந்தக் குழாய் ஏற்றும் குழாயைவிட அகலமாக இல்லாவிட்டால் வாளி வழிந்துவிடும். இன்னொன்று: கரண்ட் போனால் வாளித் தண்ணீர் பம்ப் வழியே பின்னோக்கி இறங்கி, தொட்டி நிரம்பி வழியலாம். ஏற்றும் குழாயில், வாளிக்குள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறு துளை போடுங்கள். காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும்.

பீங்கான் வளையங்களில் குடியேறும் பாக்டீரியாதான் ஆமைக் கழிவிலிருந்து வரும் நச்சுப்பொருளான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அவை பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், அதனால் சமையலறைத் தொட்டியில் வேண்டவே வேண்டாம். நைட்ரேட்டை வடிகட்டி அகற்றாது. வாராவாரம் கால்பங்கு தண்ணீரை மாற்றத்தான் வேண்டும்.