கார்த்திகையில் அம்மாவுடன் யாழ்ப்பாணம்: எந்த வழி, என்னென்ன ஆயத்தம்?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கிறோம். யாழ்ப்பாணத்தில் உள்ள என் மனைவியின் தங்கை மகளுக்குக் கார்த்திகையில் திருமணம். முழங்கால் வலியுள்ள, 72 வயதான என் அம்மாவையும் அழைத்துச் செல்ல வேண்டும். எனக்கும் மனைவிக்கும் இந்தியப் பாஸ்போர்ட், அம்மாவுக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். சென்னையிலிருந்து நேரடி விமானமா, திருச்சி வழியா, கொழும்பு வழியா, நாகப்பட்டினம் கப்பலா? பட்டும் நகையும் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

பதில்: சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேரடி விமானத்தில் செல்லுங்கள். ஆனால் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் அல்ல, குறைந்தது மூன்று நாள் முன்னதாகப் புறப்படுங்கள். இப்படி நான் வற்புறுத்துவதற்குக் காரணம் அந்த விமான நிலையத்தின் ஓடுபாதைதான்.

இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேய வான்படை அமைத்த தளம் பலாலி. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையிலிருந்து, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தபோது இறங்கி ஏறிய இடம் இதுவே. இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் பல பத்தாண்டுகள் நம் பக்கத்துக்கு வழி அடைபட்டுக் கிடந்து, 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் மீண்டும் திறக்கப்பட்டது. அப்போது பழைய ஓடுபாதையில் சுமார் 1,400 மீட்டர் நீளமே சீரமைக்கப்பட்டது. 180 பேர் அமரும் ஜெட் விமானத்துக்கு அது போதாது என்பதால், எழுபதுக்குச் சற்று மேற்பட்டோர் அமரும் ஏ.டி.ஆர். 72 வகை விமானங்களே சென்னையிலிருந்து அங்கே சென்று வந்திருக்கின்றன. நம் புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் 2024 டிசம்பரில் தொடங்கிய சேவையிலும் இதே வகை விமானம்தான். புதுச்சேரியிலிருந்து பலாலி நேர்கோட்டில் ஏறத்தாழ 240 கிலோமீட்டர்தான் என்றாலும், லாஸ்பேட்டை உள்நாட்டு நிலையம் என்பதால், வடக்கே 150 கிலோமீட்டர் போய்விட்டுத் தெற்கே பறக்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு என்றுமே வருத்தம் தரும் சங்கதி.

இருக்கைகள் குறைவு என்பதால் சீட்டு விரைவில் தீர்ந்துவிடும். நல்லூர்த் திருவிழா நடக்கும் ஆவணியிலும் திருமண மாதங்களிலும் புலம்பெயர்ந்த உறவினர்களும் சென்னை வழியாக வருவார்கள். ஆகவே தேதி உறுதியானதும் பதிவு செய்துவிடுங்கள். பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, முன்னெழுத்தை விரித்து எழுதுங்கள்.

சிறு விமானத்தில் எடைக் கட்டுப்பாடு கடுமையானது. சுமை மிகுந்தால் சில பெட்டிகளை அடுத்த விமானத்தில் அனுப்பிவைப்பதும் உண்டு. தலைக்கு மேலுள்ள தட்டும் குறுகலானது. முகூர்த்தப் பட்டு, நகை, அம்மாவின் மருந்துகள், மருந்துச்சீட்டு ஆகியவற்றை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு, பாத்திர பண்டங்களை யாழ்ப்பாணத்திலேயே வாங்கிக்கொள்வது நல்லது. வழக்கமாக அணியும் நகை கூடுதலாக இருந்தால், புறப்படும்போதே சென்னைச் சுங்க அதிகாரிகளிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் பெறுங்கள். திரும்பும்போது அவை அங்கே வாங்கியவையா என்ற கேள்வி எழாது. அன்பளிப்பாகக் கொடுக்கப்போகும் தங்கத்தை இலங்கைச் சுங்கத்தில் மறைக்காமல் அறிவியுங்கள். இந்திய ரூபாயாக ஒருவர் 25,000 வரைதான் எடுத்துச் செல்லலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அம்மாவின் பாஸ்போர்ட். இலங்கைக்குள் நுழைய மூவருமே இணையவழிப் பயண அனுமதியை, அதாவது இ.டி.ஏ.வை, இலங்கை அரசின் தளத்திலேயே முன்கூட்டிப் பெற வேண்டும். இடைத்தரகர்களின் தளங்கள் கூடுதல் பணம் பறிப்பவை. பாஸ்போர்ட்டுகள் இலங்கை சேரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லத்தக்கவையாக இருக்கட்டும். ஆனால் உண்மையான சிக்கல் திரும்பி வரும்போது ஏற்படுகிறது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் இந்தியாவுக்குள் அயல்நாட்டவராகவே நுழைகிறார். அம்மாவிடம் ஓ.சி.ஐ. அட்டை, அதாவது வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை, இருந்தால் அதையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுத்துச் சென்றால் போதும். விசாவில் தங்கியிருக்கிறார் என்றால், அது பலமுறை நுழையும் விசாதானா என்று பாருங்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா சென்னையைவிட்டுக் கிளம்பியதுமே முடிந்துபோகும். முத்தியால்பேட்டையில் ஐம்பது ஆண்டு வாழ்ந்த ஒருவர், வீட்டுக்குத் திரும்ப வழியின்றி அயலூரில் தவிக்கக் கூடாது. பயணச்சீட்டு வாங்குமுன் இதைச் சரிபாருங்கள்.

திருச்சியிலிருந்தும் 2025 மார்ச் இறுதியில் யாழ்ப்பாணத்துக்கு விமானம் தொடங்கியது. பறக்கும் தொலைவு சென்னையிலிருந்து பறப்பதில் ஏறக்குறைய பாதிதான். கடலூர்க்காரர்கள் கேட்டிருந்தால் நேரத்தைப் பொறுத்துத் திருச்சியையே சொல்லியிருப்பேன்; உங்களுக்குத் திண்டிவனம் வழியாகச் சென்னைதான் அருகில். நிலையம் நகரின் தென்புறத்திலேயே இருப்பதால் ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை. முழங்கால் வலியுள்ளவரைக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறக்கி வண்டி மாற்றச் செய்யாமல், வாடகைக் காரிலேயே நேராகப் போய்விடுங்கள்.

கப்பல் இந்த மாதத்துக்கு ஏற்றதல்ல. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைச் சேவை 2023 அக்டோபரில் தொடங்கிய சில நாள்களிலேயே வடகிழக்குப் பருவமழையால் நின்று, மறு ஆண்டு ஆகஸ்டில்தான் மீண்டும் ஓடியது. சித்திரை, வைகாசியில் கடல் அமைதியாக இருக்கும்போது அது நல்ல வழிதான். கொழும்பு வழியாகச் சென்றால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய பிறகு தரைவழியே இன்னும் ஏழெட்டு மணி நேரம் போக வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு அது தண்டனை. ஆனால் பலாலி விமானம் ரத்தானால் அதே இ.டி.ஏ.வைக் கொண்டு கொழும்பு வழியாகப் போகலாம் என்பதை மனத்தில் வைத்திருங்கள்.

மூன்று நாள் என்று நான் சொன்னதும் இதற்காகத்தான்: குறுகிய ஓடுபாதையால் சிறு விமானமே வருகிறது, அது ரத்தானால் அடுத்ததில் இடம் கிடைப்பது அரிது; கார்த்திகையோ புயல் மாதம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கருகே கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. வானிலையால் ரத்தானால் இந்திய விதிகளின்படி பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது மாற்று விமானம் கேட்கலாம், இழப்பீடு கிடைக்காது. முகூர்த்தம் தவறினால் எந்தப் பணத்தாலும் அதை ஈடுசெய்ய முடியாது.

ஏ.டி.ஆர். விமானத்தின் பின்கதவு தாழ்வாக இருக்கும். அதன் படிகள் சிலவே. ஆனாலும் சக்கர நாற்காலியைப் பதிவு செய்யும்போதே, போகவும் வரவும் தனித்தனியாகக் கேட்டு, பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு விமான நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.