பக்கத்து நிரை

அன்புள்ள அக்கா,

நான் குன்னூர்க்காரன். கோவையில் நான்கு ஆண்டுகளாக மென்பொருள் வேலை. ஜாவா 8-இல் எழுதிய பழைய சம்பளப் பட்டியல் மென்பொருளைப் பராமரிக்கிறேன். இப்போது இரண்டு இடங்களில் வேலை கிடைத்திருக்கிறது. சென்னையில் ஆண்டுக்கு 14 லட்சம், ஆனால் இதே பராமரிப்புதான். இன்னொன்று வீட்டிலிருந்தே செய்யலாம், 11 லட்சம். கோ என்கிற நிரல்மொழி, சர்வர்களில் மென்பொருளை இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் கருவி என்று எல்லாம் புதிது. நிறையக் கற்றுக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு இதில்தான் விருப்பம். சம்பளத்தை உயர்த்திக் கேட்டால் பேராசைக்காரன் என்று நினைப்பார்களோ? எவ்வளவு கேட்கலாம்? மலையில் வளர்ந்தவனுக்குப் பேரம் பேச வராது என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

ர., குன்னூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே தேயிலைக் கவாத்து நடந்துகொண்டிருந்தது. கத்தி கிளையில் இறங்கும் சத்தம் ஜன்னல்வரை கேட்டது. இரண்டு நாட்களாக அப்பாவின் நினைவாகவே இருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

மலைக்காரனுக்குப் பேரம் வராதாம்! கேத்தியில் கேரட் விளைவித்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றி அனுப்புகிறவரிடம் போய் அதைச் சொல்லச் சொல்லுங்கள். பேராசை என்ற பேச்சையும் விடுங்கள். மரியாதையாக ஒரு தொகை கேட்டதற்காகக் கொடுத்த வேலையைப் பறிக்கிற இடம் என்றால், அது இப்போதே தெரிந்துவிடட்டும்.

எனக்குக் கோபம் வந்தது வேறோர் இடத்தில். நிறையக் கற்றுக்கொள்ளலாம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரிடம்? கடிதம் முழுக்கத் தேடினேன், மொழியின் பெயர் இருக்கிறது, கருவியின் பெயர் இருக்கிறது, ஒரு மனிதரைப் பற்றிப் பேச்சே இல்லை. நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த பிள்ளைக்கு இது தோன்ற வேண்டாமா? பழையது என்று நீங்கள் சலித்துக்கொள்ளும் ஜாவா 8 வெளிவந்தது 2014-இல். குபர்நெட்டீஸும் அதே ஆண்டுதான். கோ மொழி 2009-இலேயே வந்துவிட்டது. வயதைப் பார்த்து மயங்குவதானால் இதையாவது பார்த்திருக்கலாம்.

அப்பாவுக்கு அரை ஏக்கர் தேயிலை இருந்தது. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்தாக வேண்டும். விட்டால் செடி கைக்கு எட்டாமல் உயர்ந்து கொழுந்து குறைந்துவிடும். தப்பாக வெட்டினாலோ கிளை பிளந்து, தண்ணீர் இறங்கி அழுகும். அப்பாவுக்கு வெட்டத் தெரியாது. பக்கத்து எஸ்டேட்டில் கவாத்துக்கு ஆள் எடுத்தபோது போய் நின்றார். மேஸ்திரியிடம் அவர் சொன்னதை அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்: "கூலி எல்லாருக்கும் கொடுக்கிறதைக் கொடுங்கள். என்னை அந்தப் பெரியவருக்குப் பக்கத்து நிரையில் விடுங்கள்."

மேஸ்திரி முனகினார், பிறகு விட்டார். மூன்றாம் நாள் பெரியவர் ஒரு வார்த்தையும் பேசாமல் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துச் சற்றே திருப்பினார். அடுத்த வெட்டு சாய்வாக, பிசிறில்லாமல் விழுந்தது. வெட்டிய கிளைகளையே செடிமேல் பரப்பி வெயில் படாமல் மூடுவதையும் அவரைப் பார்த்துத்தான் அப்பா கற்றார். அதன் பிறகு எங்கள் அரை ஏக்கரில் வேறு யாரும் கத்தி வைத்ததில்லை.

நானும் பதினெட்டு ஆண்டுகள் மென்பொருள் எழுதிவிட்டுத்தான் ஊர் திரும்பினேன். ஓரிடத்தில் புதிய தொழில்நுட்பம் என்று சொல்லிச் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டுகள் நான் எழுதியதை ஒருவரும் வாசிக்கவில்லை. பழைய தவறுகளையே புதிய மொழியில் செய்துகொண்டிருந்தேன். அடுத்த இடத்தில் மொழி பழையது. ஆனால் அங்கிருந்த மூத்த பொறியாளர் ஒருவர் என் நிரலை வரி வரியாக வாசித்தார். பணம் அனுப்பும் பகுதியில் ஒரு வரிக்குப் பக்கத்தில், "பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்து, இது மறுபடி ஓடினால் பணம் இரண்டு முறை போகுமே?" என்று எழுதியிருந்தார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு நிரலையும் நான் முடித்ததில்லை.

பேரத்தை அங்கே நடத்துங்கள் தம்பி. என் நிரலை யார் வாசிப்பார்? அவர் அங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்? சேருவதற்கு முன் அவரோடு அரை மணி நேரம் பேச முடியுமா? முதல் ஆறு மாதம் எந்தக் குழுவில், என்ன வேலை? வீட்டிலிருந்து வேலை செய்யப் போகிறீர்கள், குன்னூரில் உங்கள் அறைக்குள் வந்து மணிக்கட்டைத் திருப்ப ஆளில்லை. வாரம் இரண்டு மணி நேரமாவது அவரோடு திரையைப் பகிர்ந்து சேர்ந்து எழுத வேண்டும் என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது, சொன்னவர் வேறு வேலைக்குப் போனதும் போய்விடும். சான்றிதழ்த் தேர்வுக்குப் பணம் கட்டுகிறோம் என்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அந்த மனிதருக்கு ஈடாக அதை ஏற்காதீர்கள்.

எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். 12.5 லட்சம் கேளுங்கள். சென்னை வேலை கையில் இருப்பதை உள்ளபடி சொல்லுங்கள். அந்த 11 லட்சத்தில் மாதா மாதம் கைக்கு வருவது எவ்வளவு, ஆண்டு முடிவில் தந்தால்தான் உண்டு என்பது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பணி நியமனக் கடிதம் வரும்வரை கோவையில் ராஜினாமா கொடுக்காதீர்கள். உங்கள் நிரலை வாசிக்கப் போகிறவர் யார் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.