2024-இல் இத்தனை பந்தயங்களை ஜெயித்த நெதர்லாந்து சைக்கிள் வீராங்கனை டெமி வோலரிங், டூர் டி பிரான்ஸ் பெண்கள் சைக்கிள் பந்தயத்தை மட்டும் 4 வினாடியில் விட்டது எப்படி?

எல்லாரும் கடைசி நாள் மலையைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், பந்தயம் கைநழுவியது 5-ஆம் நாள், அம்னேவிலில்.

அந்த வருடம் ஸ்பெயின், பாஸ்க், பர்கோஸ், சுவிஸ் என நான்கு தொடர் பந்தயங்களை வோலரிங் ஏற்கெனவே ஜெயித்திருந்தார். டூரிலும் மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி அவரிடம்தான். அம்னேவிலில் முடிவுக்கோட்டுக்குச் சுமார் 6 கி.மீ. முன்பு கூட்டமாக விழுந்ததில் அவரும் மாட்டிக்கொண்டார். 1 நிமிடம் 47 வினாடி போச்சு. அன்று ஜெயித்தது அவருடைய அணியைச் சேர்ந்த பிளாங்கா வாஸ் என்பதுதான் வேடிக்கை. இரண்டாவதாக வந்த போலந்தின் கசியா நிவியடோமாவுக்கு மஞ்சள் ஜெர்சியும், மொத்த நேரத்தில் கழிக்கப்படும் 6 வினாடி போனஸும்.

கடைசி நாள் தொடங்கும்போது வோலரிங் நிவியடோமாவைவிட 1 நிமிடம் 15 வினாடி பின்னால். கிளாந்தோன் மலை ஏற்றத்திலேயே வோலரிங் பாய்ந்துவிட்டார். கூடவே ஒட்டிக்கொண்ட பவுலியெனா ரோயாக்கர்ஸ் பள்ளத்தாக்கில் முன்னால் வந்து எதிர்காற்றைத் தாங்கி உதவவில்லை. பின்னால் நிவியடோமா இருந்த குழுவிலோ, லூசிண்டா பிராண்ட் தன் அணித்தோழிக்காக இழுத்துத் தள்ளினார். அவருக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கி நிவியடோமாவும் தப்பித்தார்.

பந்தயம் முடியும் ஆல்ப் துயெஸ் மலை உச்சியில் வோலரிங் முதலிடம். நிவியடோமா 1:01 பின்னால், நான்காவது. வெற்றிக்கான 10 வினாடி போனஸையும் சேர்த்தால் வோலரிங் மீட்டது 71 வினாடி. தேவைப்பட்டது 75-க்கு மேல்.