குட்டி பிறக்கும் முன்பே செலவாகிவிடும் காசு

கேள்வி: எனக்கு வயது 41. தெகிவளையில் வசிக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 15 ஆண்டுகளாக வேலை. கைக்கு வரும் சம்பளம் 145,000 ரூபாய். ரோசி என்ற மூன்றரை வயது லாப்ரடோர் பெட்டை நாய் வளர்க்கிறேன். கொட்டாஞ்சேனையில் உள்ள அத்தானின் கடுவனோடு இணை சேர்த்ததில் சென்ற ஆண்டு ஏழு குட்டிகள் பிறந்தன. ஒன்று இறந்தது, மற்ற ஆறையும் 70,000 வீதம் விற்று ஆளுக்குப் பாதி எடுத்தோம். அவற்றில் ஒன்று எட்டாம் மாதத்தில் நொண்டத் தொடங்கி, இடுப்பு மூட்டுக் கோளாறு என்று தெரிந்ததால், வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நாய்ச் செலவு முழுவதும் கடனட்டையில் போகிறது. நிலுவை 385,000, வட்டி ஆண்டுக்கு 26 சதவீதம். குறைந்தபட்சத் தொகையை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. இப்போது அத்தான், என் பெயரில் ஆறு இலட்சம் தனிநபர் கடன் எடுத்து வெளிநாட்டிலிருந்து ஒரு கோல்டன் ரிட்ரீவர் பெட்டைக் குட்டியைத் தருவிப்போம், இரண்டு ஈற்றில் கடன் அடைந்துவிடும் என்கிறார். முற்பணமாக 50,000 கொடுத்தும்விட்டேன். வங்கி 16 சதவீதத்துக்கு மூன்று ஆண்டுத் தவணையில் தருகிறது. நிலையான வைப்பில் 300,000 இருக்கிறது. கடனை எடுக்கலாமா? நாய்க்கு மருத்துவக் காப்புறுதியும் மரபணுச் சோதனையும் அவசியமா?

பதில்: பதினைந்து ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருப்பவருக்குக் கடனட்டை வட்டி எப்படி ஏறும் என்று நான் பாடம் எடுக்கப்போவதில்லை. நீங்கள் இணைத்து அனுப்பிய இரண்டு தாள்களில் என்னை நிறுத்தியது கடனட்டை ஸ்டேட்மன்ட் அல்ல. வீட்டு வரவு செலவுக் கொப்பியின் பக்கம்தான். அதில் வரவு நிரலில், சம்பளத்துக்கு அடுத்த வரியில், நீல மையில், "ரோசி, டிசம்பர், 3 இலட்சம்" என்று திருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். ரோசி இன்னும் இணை சேர்க்கப்படவே இல்லை. அலுவலகத்தில் ஒருவர், "அடுத்த வருடம் வாங்கினாலும் வாங்குவேன்" என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னதை விற்பனையாகப் பதிந்திருந்தால், கணக்காய்வாளர் வரும்வரை காத்திராமல் நீங்களே அந்த வரியை வெட்டியிருப்பீர்கள். வீட்டுக் கொப்பியில் அதே வரி ஒரு வருடமாக இருக்கிறது. அதை நம்பித்தான் ஒவ்வொரு மாதமும் அட்டை நீட்டப்படுகிறது. உங்களுக்குக் கேடு செய்வது நாயும் அல்ல, அத்தானும் முழுக்க அல்ல. பிறக்காத குட்டியின் விலையை இன்றே வருமானமாக எழுதி, அதன்மேல் கடன் வாங்கும் இந்தப் பழக்கம்தான்.

முதலில் அட்டையைப் பார்ப்போம். 385,000 ரூபாய்க்கு 26 சதவீதம் என்றால் மாத வட்டி ஏறத்தாழ 8,300. நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகை, 5 சதவீதப்படி, 19,250. ஆகவே அசலில் 11,000 அளவு குறைய வேண்டும். ஆனால் அதே மாதத்தில் தீன், குளிப்பாட்டும் கடை, மிருக வைத்தியர் என்று சராசரி 15,000 புதிதாக ஏறுகிறது. தவறாமல் கட்டிக்கொண்டே மாதம் 4,000 வீதம் கடனை வளர்த்து வருகிறீர்கள்.

இனி, இந்தக் கடனை அடைக்கப்போவதாகச் சொல்லப்படும் ஈற்றின் கணக்கு. ஆறு குட்டிகள் 420,000. உங்கள் பங்கு 210,000. ஸ்கேன், தாய்க்கு மேலதிகத் தீன், குட்டிகளுக்குப் பூச்சி மருந்து, முதல் தடுப்பூசி, எட்டு வாரப் பராமரிப்பு என்று நீங்கள் குறித்திருக்கும் 118,000 முழுவதும் உங்கள் கையிலிருந்தே போயிருக்கிறது. நொண்டிய குட்டிக்காகத் திருப்பிக் கொடுத்த 70,000, அதன் எக்ஸ்ரேக்கு 12,000, இவற்றிலும் அத்தான் பங்கெடுக்கவில்லை. மிச்சம் 10,000 ரூபாய். ஓர் ஆண்டில் அட்டைக்குப் போகும் வட்டி மட்டும் ஒரு இலட்சம். கொப்பியில் உள்ள அந்த 3 இலட்சம் ஏட்டுச் சுரைக்காய்.

ஆறு இலட்சம் கடனுக்கு வருகிறேன். 16 சதவீதத்தில் 36 தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 21,000. மொத்தம் 760,000 அளவில் கட்டி முடிப்பீர்கள். முதல் தவணை அடுத்த மாதமே வரும். நாயின் எலும்போ அந்த நாட்காட்டிக்குக் கட்டுப்படாது. லாப்ரடோர், கோல்டன் ரிட்ரீவர், அல்சேஷன் போன்ற இனங்களில் இடுப்பு மூட்டின் கிண்ணமும் பந்தும் சரியாகப் பொருந்தாமல் வளரும் கோளாறு பரவலாக உண்டு. அதை எக்ஸ்ரேயில் பார்த்துத் தரமிடும் அமெரிக்க ஓ.எஃப்.ஏ. நிறுவனம், 24 மாதம் நிரம்பிய பின்னர்தான் இறுதிச் சான்று தருகிறது. பிரித்தானியத் திட்டத்தில்கூட ஒரு வயதுக்கு முன் தரமிடுவதில்லை. மூன்று மாதக் குட்டியாக வரும் நாய்க்கு இரண்டு வயதாக 21 மாதம். அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கச் சராசரி மூன்று மாதம். கர்ப்பம் 63 நாள். குட்டிகள் விற்கும் வயதை அடைய எட்டு வாரம். எப்படிக் கூட்டினாலும் 28 மாதம். அதற்குள் 28 தவணைகள், அதாவது 590,000 ரூபாய், உங்கள் சம்பளத்திலிருந்து போயிருக்கும்.

அத்தான் இவ்வளவு காலம் காத்திருக்கப்போவதில்லை என்பதை நீங்களும் அறிவீர்கள். தவணை நெருக்கும்போது, "ஒரு வயது ஆகிவிட்டதே, எக்ஸ்ரே எதற்கு வீண் செலவு" என்ற பேச்சுத்தான் வரும். சோதனைகளைத் தவிர்க்க வைப்பது பெரும்பாலும் சோதனையின் விலை அல்ல. நாயை வாங்க எடுத்த கடனின் அவசரம். அந்த அவசரத்தில் பிறக்கும் குட்டிதான் எட்டாம் மாதம் நொண்டிக்கொண்டு உங்கள் வாசலுக்குத் திரும்பி வருகிறது. என் தகப்பனாரின் அல்சேஷன் ஒன்பது வயதில் பின்கால் தூக்க முடியாமல் போனபோது, காலையும் மாலையும் அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு துவாயைக் கொடுத்துத் தூக்கித்தான் முற்றத்துக்குக் கொண்டுபோவோம். பணம் கொடுத்து வாங்கியவர் வீட்டில் அந்தக் காட்சி நடப்பதை, குட்டியை விற்றவர் நினைத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது சரியே. அதில் பாதியை அத்தானிடம் கேட்காததுதான் தவறு.

ஆகவே இந்தக் கடன் வேண்டாம்.

ரோசியை இன்னொரு முறை இணை சேர்ப்பதா என்பது தனிக் கேள்வி. அதற்குச் சோதனை தேவை, ஆனால் வரிசை முக்கியம். எல்லாச் சோதனைகளையும் ஒரே நாளில் செய்து பில்லைப் பெருக்க வேண்டாம். ஒரு குட்டி நொண்டியிருப்பதால் முதலில் ரோசிக்கும் அத்தானின் கடுவனுக்கும் இடுப்பு, முழங்கை மூட்டு எக்ஸ்ரே எடுங்கள். படம் சரியாக விழ நாயை மயக்கி, பின்கால்களை நீட்டிப் பிடிக்க வேண்டும். இதில் பழக்கமுள்ள மிருக வைத்தியரிடம் போங்கள். மூட்டு மோசமாக இருந்தால் கதை அங்கேயே முடிந்தது; மற்றச் சோதனைகளுக்குக் காசு செலவழிக்காமல், கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிடலாம். வயதான பெட்டை நாய்களுக்கு வரும் கருப்பைச் சீழ் நோயும், அதற்கான அவசரச் சத்திரசிகிச்சையின் பெரும் பில்லும் அதனால் தவிரும். மூட்டு நன்றாக இருந்தால் மட்டும் கண் பரிசோதனை, அதன் பின் மரபணுச் சோதனை. இரு பெற்றோரின் மூட்டும் நன்றாக இருந்தும் ஒரு குட்டிக்குக் கோளாறு வரலாம், ஏனெனில் அது பல மரபணுக்களும் வளர்ப்பும் சேர்ந்து தீர்மானிப்பது. எக்ஸ்ரே ஆபத்தைக் குறைக்கும், ஒழிக்காது.

மரபணுச் சோதனைக்கு வேறு கணக்கு. லாப்ரடோருக்கு முக்கியமானவை இரண்டு: விழித்திரை மெல்லத் தேய்ந்து பார்வை போகும் நோய், கடுமையாக ஓடியபின் பின்கால் துவண்டு விழும் நோய். இரண்டிலும், தாய் தந்தை இருவருமே குறையைக் கடத்துபவர்களாக இருந்தால் சராசரி நான்கு குட்டிகளில் ஒன்றுக்கு நோய் வரும். ஒருவர் முற்றிலும் குறையற்றவராக இருந்தால் ஒரு குட்டிக்கும் வராது. இது ஒருமுறை செய்தால் நாயின் ஆயுளுக்குப் போதும். கண் பரிசோதனையோ ஆண்டுதோறும் வேண்டும். இணையத்தில் நீங்கள் பார்த்ததாகச் சொல்லும், "இருநூறுக்கு மேற்பட்ட நோய்கள்" என்று விளம்பரப்படுத்தும் எச்சில் சோதனைப் பெட்டியில் எனக்கு ஈடுபாடில்லை. அந்த இருநூறில் பெரும்பாலானவை உங்கள் இனத்துக்குச் சம்பந்தமற்றவை. உங்களைப் பணத்தில் அடித்த இடுப்பு மூட்டைப் பற்றி அது ஒன்றும் தீர்த்துச் சொல்லாது. அதை வட்டியில்லாத் தவணையில் தருகிறார்களாம். கையாளுகைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டீர்களா?

காப்புறுதி பற்றி ஒரே ஒரு வேலை சொல்கிறேன்: விலக்குப் பட்டியலை முதலில் வாசியுங்கள். பரம்பரை நோய்களும், ஏற்கெனவே வந்த நோய்களும் அங்கே இருந்தால், ரோசிக்காக நீங்கள் பயப்படும் எதையும் அது தாங்காது.

அன்றாடப் பராமரிப்பில்தான் உங்கள் காசு அதிகம் ஒழுகுகிறது. உண்ணி மாத்திரை விலை கூட என்று ஒழுங்காகக் கொடுக்காமல் விட்டு, பின்னர் உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனையும் மருந்துமாக 46,000 கட்டியிருக்கிறீர்கள். உங்கள் விலைப்படி முழு ஆண்டு மாத்திரையே 36,000தான். கொழும்பின் வெக்கையில் கபில நிற நாயுண்ணி வருடம் முழுக்கப் பெருகும்; ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதுவும் நாயின் மேல் அல்ல, உங்கள் சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும். காய்ச்சல் ஒருமுறை வந்து தெளிந்த நாயின் இரத்தத்தில் கிருமி தங்கியிருந்து மீண்டும் தலைகாட்டலாம். மாத்திரையை நிறுத்தாதீர்கள், இரவில் காதுமடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் தடவிப் பாருங்கள்.

குளிப்பாட்டும் கடைக்கு மாதம் 4,000 தேவையில்லை. லாப்ரடோரின் குறுகிய மயிருக்கு ஒரு றப்பர் பிரஷ் போதும். கடலில் குளிக்க விட்டால் காதை உலரத் துடைத்துவிடுங்கள். விசர்நாய்த் தடுப்பூசியைச் சுகாதாரப் பகுதியினர் நடத்தும் முகாமில் இலவசமாகப் போட்டு, அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். தீனைக் குறையுங்கள். 48 லாப்ரடோர்களை ஆயுள் முழுவதும் கவனித்து 2002இல் வெளியான பியூரினா ஆய்வில், கால்பங்கு குறைவாக உண்டவை சராசரி இரண்டு ஆண்டுகள் அளவு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலியும் பிந்தியே வந்தது. ரோசி 38 கிலோ என்கிறீர்கள். ஒரு பெட்டை லாப்ரடோருக்கு அது கூட. கெஞ்சுகிற கண்ணைப் பார்த்து இரங்க வேண்டாம். பசி தீராமல் செய்யும் ஒரு மரபணு மாற்றம் லாப்ரடோர்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இருப்பதாகக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் செய்தால் 15,000 என்பது 10,000 அளவில் நிற்கும். அதைச் சம்பளத்தன்றே ஒரு உறையில் போட்டு, காசாகவே கட்டுங்கள். நாயின் பெயரில் அட்டையை இனி நீட்ட வேண்டாம்.

வைப்பை உடைக்கச் சொன்னால் முகம் சுளிப்பீர்கள். ஆனால் 8 சதவீதம் தரும் வைப்பை வைத்துக்கொண்டு 26 சதவீதம் கட்டுவது, வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே அடியில் துளை போடுவது. முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டியில் ஒரு பகுதி போகும், போகட்டும். 250,000ஐ அட்டைக்குக் கட்டி, 50,000ஐ அவசரத்துக்கு வையுங்கள். மிச்சம் 135,000, இப்போது கட்டும் அதே 19,250ஐக் குறைக்காமல் கட்டினால் எட்டாவது மாதத்தில் தீர்ந்துவிடும்.

அத்தானிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உண்மையில் உங்கள் கடிதத்தின் பாரம் என்று நினைக்கிறேன். அக்காவின் முகம் கோணுமே என்ற தயக்கம் புரிகிறது. நீளமாக விளக்க வேண்டாம். விளக்கம் நீளநீள அவர் பதில் வைத்திருப்பார். "அத்தான், என்ர பெயரில இன்னொரு கடன் ஏலாது. ரெண்டு நாய்க்கும் எக்ஸ்ரே எடுத்த பிறகு, செலவையும் பாதி போடுவம் எண்டால் அடுத்த ஈற்றைப் பற்றிப் பேசுவம்" என்று சொல்லிவிட்டு, தேநீரைக் குடியுங்கள். கடன் உங்கள் பெயரில் இருந்தால், தவணை தவறுவது, வங்கிகள் பார்க்கும் கடன் வரலாறான உங்கள் கிரிப் அறிக்கையில்தான் ஏறும், அவருடையதில் அல்ல. நாளை வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போகப்போவதும் நீங்கள்தான்.

முற்பணம் 50,000ஐத் திருப்பிக் கேளுங்கள். கேட்பதற்கு நியாயமான காரணம் உண்டு: அந்தக் குட்டியின் தாய் தந்தையின் பதிவு எண்களைக் கேட்டு எழுதுங்கள். ஓ.எஃப்.ஏ. முடிவுகள் வெளியிடப்பட்டிருந்தால் அந்த எண்ணை வைத்து இணையத்தில் எவரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். கோல்டன் ரிட்ரீவருக்கு இடுப்பு, முழங்கையோடு இதயமும் கண்ணும் பார்த்திருக்க வேண்டும். "வெளிநாட்டு வம்சம்" என்ற பேச்சுக்கும் வம்சச் சான்றிதழுக்கும் அப்பால் ஒரு சோதனைத் தாளும் வராவிட்டால், வாங்க மறுக்க அதுவே போதும். பணம் திரும்பாவிட்டால், எடுக்காமல் விட்ட கடனின் வட்டி 160,000. அதற்குள் இந்த 50,000 அடங்கிவிடும். கொப்பியில் அதைச் செலவு நிரலில் எழுதுங்கள். அப்படியே ரோசியின் டிசம்பர் வரியையும் வெட்டிவிடுங்கள்.