ஓடினால் கால் இன்னும் இறுகுமா?

ஓடலாம், அம்மா. ஒட்டுசுட்டானிலிருந்து நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தில் பதினொரு கேள்விகள் இருக்கின்றன. பயம் ஒன்றுதான். பெருமூளை வாதமுள்ள ஒன்பது வயது மகனை இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடவிட்டு, கால் இன்னும் இறுகிவிட்டால் பழி உங்கள் தலையில் விழுமே என்ற பயம். விழாது. பெருமூளை வாதம் என்பது மூளையில் ஏற்பட்ட ஒரு காயத்தால் உடம்பின் அசைவு பாதிக்கப்படும் நிலை. அந்தக் காயம் பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்து கொஞ்சக் காலத்துக்குள்ளோ ஏற்பட்டு முடிந்துவிட்டது. அது வளர்வதில்லை, ஓட்டம் அதைக் கிளறுவதுமில்லை. உங்கள் மாமி சொல்வதை ஒரு காலத்தில் வைத்தியர்களே நம்பினோம். தசைக்கு வேலை கொடுத்தால் இறுக்கம் கூடும் என்று சொல்லிப் பிள்ளைகளை மூலையில் இருத்தி வைத்தோம். அது எங்கள் பிழை. மாற்றுத்திறனாளிகளின் ஒலிம்பிக்கான பராலிம்பிக்கில் டி35 முதல் டி38 வரையான பிரிவுகளில் பெருமூளை வாதமுள்ளவர்கள் 100 மீற்றர் ஓடுகிறார்கள்.

ஆனால் இந்த வாரம் ஓடவேண்டாம். காரணம், கடைசிப் பக்கத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாதி வழியில் குந்திவிடுகிறான், முழங்கால் நோகுதாம், பாமசியில் வாங்கிய குளிசை கொடுத்தால் சரியாகிவிடுகிறதாம். சரியாகவில்லை அம்மா, நோவு மறைகிறது, அவ்வளவுதான். காயம் வளர்வதில்லை என்றேனே? அப்படியிருக்க, போன தவணை நடந்த தூரத்தை இப்போது நடக்க முடியவில்லை என்றால் வேறு ஏதோ நடக்கிறது. முதலில் இடுப்பைப் பார்க்க வேண்டும். இறுகிய தொடைத் தசைகள் வருடக்கணக்கில் இழுத்ததில், தொடையெலும்பின் தலை அதன் குழியிலிருந்து மெல்ல மெல்ல வெளியே நகரும். பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. உங்கள் மகனைப்போல நடக்கிற பிள்ளைகளுக்குக் குறைவு, ஆனாலும் வரும். இடுப்பில் உள்ள நோவைப் பிள்ளைகள் பெரும்பாலும் முழங்காலைத் தொட்டுத்தான் காட்டுவார்கள். மாஞ்சோலையில் இருக்கும் முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கே தரும் மருந்து தவிர, உங்கள் எண்ணத்துக்குக் குளிசை வேண்டவே வேண்டாம்.

பாதம் குளிர்வது, தூக்கத்தில் வாய்நீர் வடிவது, வெயிலில் வியர்ப்பது என்று நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றையும் விடுங்கள். யூடியூப்பில் பார்த்த ஸ்டெம்செல் ஊசிக்காகக் காணியை விற்கும் யோசனையை இன்றே கைவிடுங்கள். பெருமூளை வாதத்தைக் குணமாக்கும் ஊசி கிடையாது.

அப்புறம், விளையாட்டு ஆசிரியரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். ஒரு மைதானத்தில் என் கண்ணால் கண்டது இது. தொடக்க வெடி கேட்டதும் ஒரு பிள்ளையின் கைகள் மடங்கி, உடம்பு முழுக்க விறைத்து, நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். மற்றவர்கள் பாதித் தூரம் போய்விட்டார்கள். "பயந்திட்டான்" என்றார் பக்கத்தில் நின்றவர். பயமல்ல. திடீர்ச் சத்தத்துக்கு இந்தத் தசைகள் அப்படித்தான் விறைக்கும். உங்கள் மகனின் ஓட்டத்தைக் கொடியசைத்துத் தொடங்கட்டும். நடப்பதற்கே அவனுக்கு மற்றப் பிள்ளைகளைவிட இரண்டு மூன்று மடங்கு சக்தி செலவாகலாம். அதனால் காலையில் அணிநடையில் நிறுத்திக் களைக்க வைத்துவிட்டு மத்தியானம் ஓடச் சொல்லக்கூடாது. ஓடுவதற்கு முன் பத்து நிமிடம் கால்களை மெதுவாக நீட்டி மடக்கிப் பதப்படுத்த வேண்டும். பரிதாபப் பதக்கம் வேண்டாம். அவனுடைய தொடக்கக் கோட்டைச் சில மீற்றர் முன்னே போட்டு, உண்மையாக வெல்லவோ தோற்கவோ விடுங்கள்.

அதே வகுப்பில் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவள் ஆடுவதற்குப் பொச்சியா என்ற பந்து விளையாட்டு இருக்கிறது. 1984 முதல் பராலிம்பிக்கில் உள்ளது. ஆறு சிவப்பு, ஆறு நீலம், ஒரு வெள்ளைப் பந்து. வெள்ளைக்கு அருகே யாருடைய பந்து போய் நிற்கிறது என்பதுதான் ஆட்டம். துணியைப் பந்தாகத் தைத்து மணல் அடைத்தால் வகுப்பறைச் சீமெந்துத் தரையே போதும். உங்கள் மகனும் எக்ஸ்ரே முடிவு வரும்வரை அவளோடு ஆடட்டும்.

எக்ஸ்ரே படத்தைத் தொலைத்துவிடாதீர்கள். அடுத்த முறை எடுப்பதோடு அதை ஒப்பிட வேண்டும்.