வாசகர் கேள்வி–பதில்: 'ஐ ஆம் லெஜண்ட்' படத்துக்கு எத்தனை க்ளைமாக்ஸ்?

புற்றுநோயைத் தீர்க்க மாற்றி அமைத்த தட்டம்மை வைரஸ் பிசகிப்போய் உலகமே காலியாகிறது. நியூயார்க்கில் மிச்சம் ராணுவ மருத்துவர் ராபர்ட் நெவிலும் அவருடைய நாயும்தான். பகல் அவர்களுக்கு, இரவு வெயிலுக்கு அஞ்சும் ரத்தவெறி பிடித்த கூட்டத்துக்கு. பிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கி வில் ஸ்மித் நடித்த 2007-ஆம் வருடப் படம் இது. இதைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம். க்ளைமாக்ஸ் முழுவதையும் உடைத்துத்தான் பேசியிருக்கிறோம்; படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

கே: நான் பார்த்த படத்தில் நெவில் கையெறி குண்டோடு செத்துப்போகிறார். என் தம்பி பார்த்ததில் காரில் ஏறிப் போகிறார். யார் சொல்வது சரி?

ப: இரண்டு பேரும் சரி. 2007 டிசம்பரில் தியேட்டருக்கு வந்தது நீங்கள் பார்த்தது. 2008 மார்ச்சில் டிவிடியில் மாற்று முடிவோடு வந்தது தம்பி பார்த்தது.

இரண்டும் நெவில் வீட்டு அடித்தள ஆய்வுக்கூடம் வரை ஒன்றாகவே வரும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நெவில், நோய் தொற்றாமல் தப்பிய அன்னா, அவளோடு வந்த சிறுவன் ஈதன், பரிசோதனைக் கட்டிலில் நெவில் பிடித்து வைத்திருக்கும் நோய்ப்பட்ட பெண். அந்தப் பக்கம் கூட்டத்தின் தலைவன் தலையால் கண்ணாடியை முட்டுகிறான். தியேட்டர் முடிவில் கண்ணாடி விரிசல் பட்டாம்பூச்சி போல விழும். அன்னாவின் கழுத்திலும் ஒரு பட்டாம்பூச்சி பச்சை குத்தியிருக்கும். நெவில் அதை விதியின் சைகையாக எடுத்துக்கொண்டு, கட்டிலில் கிடப்பவளின் ரத்தத்தை எடுத்து அன்னாவிடம் கொடுத்து ஒளித்துவைத்துவிட்டு குண்டின் பின்னைப் பிடுங்குகிறார். மாற்று முடிவில் அந்தத் தலைவனே கண்ணாடியில் பட்டாம்பூச்சியை வரைகிறான். கட்டிலில் கிடப்பவளின் உடம்பில் அதே பச்சை. தன் பெண்ணைத் தேடித்தான் அவன் வந்திருக்கிறான் என்பது நெவிலுக்கு அப்போதுதான் உறைக்கும். துப்பாக்கியைக் கீழே வைத்து, கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய் அவளை ஒப்படைக்கிறார். அவர்கள் கிளம்பிப் போனபின் சுவர் முழுக்க ஒட்டியிருக்கும் போட்டோக்களைப் பார்க்கிறார். எல்லாம் அவர் மருந்து சோதித்துச் செத்தவர்கள்.

கையில் இருப்பது எந்தக் கட் என்று ஓடும் நேரத்தை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள். தியேட்டர் கட் சுமார் 101 நிமிடம், மாற்று கட் சுமார் 104. ஆனால் நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்) உள்ள படத்தை 'பால்' (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறைக்கான டிவிடிக்கு 25 சட்டமாக ஓட்டும்போது நேரம் நூற்றுக்கு நாலு குறையும். அப்போது 104 நிமிடப் படம் 100-க்கு வந்து, தியேட்டர் கட் மாதிரியே தெரியும். கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளி ஓட்டி, பட்டாம்பூச்சியை வரைவது விரிசலா விரலா என்று பாருங்கள், போதும்.

கே: மாற்று முடிவுதானே நன்றாக இருக்கிறது? ஏன் தூக்கினார்கள்?

ப: அதைத்தான் முதலில் எடுத்தார்கள். வெளியீட்டுக்கு முன் பொது ஆட்களுக்குப் போட்டுக் காட்டியதில் ஒத்துக்கொள்ளப்படவில்லை. குண்டு முடிவைப் பிறகு எடுத்துச் சேர்த்தார்கள். சோதனைக் காட்சிக்கு வந்தவர்களைத் திட்டுவது இன்றைக்குச் சுலபம். எங்கள் கட்சி வேறு: அவர்கள் ஏமாந்ததில் நியாயம் உண்டு.

'இவர்களுக்கும் மனசு உண்டு' என்பதற்கான தடயங்களைக் கதை வைத்துக்கொண்டேதான் வருகிறது. நெவில் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு போகும்போது தலைவன் வெயிலில் தலையை நீட்டிப் பார்க்கிறான். தோல் பொசுங்கும் என்று தெரிந்தும் நீட்டுகிறான். நெவிலோ வீட்டுக்குப் போய், மனித நடத்தை இவர்களிடம் முற்றிலும் அழிந்துவிட்டது என்று குறிப்புப் பதிவு செய்கிறார். அதற்கப்புறம் அவர் பேச்சுத்துணைக்கு வைத்திருக்கும் துணிக்கடைப் பொம்மை ஒன்றையே இடம் மாற்றி நிறுத்தி, அவர் வைத்த அதே மாதிரிக் கண்ணியில் அவரையே தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். எழுத்தில் இவ்வளவும் இருக்கிறது. திரையில் மட்டும் எடுபடவில்லை, ஏனென்றால் அந்த முகம் நடிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் வாயைப் பிளந்து கத்திய கிராஃபிக்ஸ் முகத்தில் கடைசி மூன்று நிமிடம் காதலைத் தேடு என்றால் யாரால் முடியும்?

கே: 15 கோடி டாலர் செலவழித்த படத்தில் அந்தப் பிசாசுகள் மட்டும் ஏன் வீடியோ கேம் மாதிரி இருக்கின்றன?

ப: முதலில் கிராஃபிக்ஸே திட்டத்தில் இல்லை. முகத்திலும் உடம்பிலும் மேக்கப் ஒட்டிய நடிகர்களை வைத்துத்தான் படப்பிடிப்பு ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் இயக்குநருக்குத் திருப்தி இல்லாமல் போனது. இந்த நோயாளிகளுக்கு, ஆபத்தில் உடம்பை முடுக்கிவிடும் அட்ரினல் சுரப்பி எந்நேரமும் திறந்தே இருக்கும், ஓயாமல் மூச்சு வாங்கும் என்பது படத்தின் கற்பனை. நடுராத்திரியில் வெறுங்காலோடு நிற்கும் நடிகரை அப்படி விடாமல் மூச்சு வாங்கச் சொன்னால் மயங்கி விழுந்துவிடுவார் என்பது லாரன்ஸ் சொன்ன காரணம். நடிகர்களின் அசைவை மட்டும் பதிவுசெய்து, உருவத்தைக் கணினியில் கட்டினார்கள். பாதியில் எடுத்த முடிவு என்பதால் செலவு ஏறியது, எடிட்டிங்குக்குப் பிந்தைய வேலை நீண்டது, நவம்பர் 21 என்றிருந்த வெளியீடு டிசம்பர் 14-க்குத் தள்ளிப்போனது. கத்தல் மட்டும் மனிதத் தொண்டைதான்: பாடகர் மைக் பேட்டன்.

இருட்டுக் கட்டடத்துக்குள் நாயைத் தேடிப்போகும் காட்சியைத் திரும்பப் பாருங்கள். கூட்டமாக முதுகைக் காட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். முகம் தெரியவில்லை. படத்தில் நிஜமாகவே பயப்படுத்துகிற இடம் அதுதான்.

கே: இது வாம்பயர் படமா, ஸோம்பி படமா? எங்கள் வீட்டில் தினம் சண்டை.

ப: மூலக்கதை சந்தேகமில்லாமல் ரத்தக் காட்டேரிக் கதை. ரிச்சர்ட் மாதசன் 1954-இல் எழுதிய நாவல். பூண்டு, கண்ணாடி, சிலுவை, நெஞ்சில் அடிக்கும் மரமுளை எல்லாம் உண்டு. அத்தனைக்கும் காரணம் கண்டுபிடிக்கப் பார்ப்பதுதான் அதன் ருசி. நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா. உடம்புக்குள் காற்றில்லாமல் ஒட்டி வாழும். மரமுளை அடித்துக் காற்று உள்ளே போனதும் குணம் மாறி, இருக்கும் உடம்பையே தின்றுவிடும். அதனால்தான் துப்பாக்கிக் குண்டு பலிக்காது, முளை பலிக்கும். சிலுவைக்குப் பயப்படுவது மனசு சம்பந்தப்பட்டது. யூதராக இருந்து காட்டேரியானவர் சிலுவையைச் சட்டை செய்வதில்லை, யூத வேதமான தோராவைக் காட்டினால்தான் பின்வாங்குவார்.

2007 படம் இதில் வெயிலையும் ரத்தவெறியையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உதறிவிட்டது. ஓடி வந்து முட்டும் கூட்டத்தைப் பார்த்தால் ஸோம்பி என்றுதான் தோன்றும். போதாததற்கு, 1968-இல் இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ நவீன ஸோம்பி சினிமாவைத் தொடங்கிவைத்ததே இந்த நாவலின் தூண்டுதலில்தான், அவரே சொன்னது. ஆகவே வீட்டில் சமாதானமாகப் போங்கள்.

கே: 'லெஜண்ட்' என்று தலைப்பு ஏன்?

ப: நாவலில் நோய்ப்பட்டவர்களில் ஒரு பிரிவினர் மருந்தால் நோயைக் கட்டுக்குள் வைத்து, புதிதாக ஒரு சமூகம் அமைத்துவிடுகிறார்கள். அவர்கள் தூங்கும் பகல் வேளையில் வீடு புகுந்து நெஞ்சில் முளை அடித்துவிட்டுப் போகும் ஆள் நெவில். பழைய மனிதர்களுக்குக் காட்டேரி எப்படியோ, புதிய சமூகத்துக்கு அவர் அப்படி: குழந்தைகளை மிரட்டச் சொல்லும் கதை. பிடிபட்டு, சாகும் தறுவாயில் அது அவருக்குப் புரிகிறது. தியேட்டர் முடிவில் உலகைக் காப்பாற்றிய தியாகி என்ற பொருளில் 'லெஜண்ட்' என்கிறார்கள். தலைப்பு தலைகீழாகிவிட்டது. நாவல் படித்தவர்களின் கோபத்துக்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். மாற்று முடிவு பாதி வழியாவது வருகிறது.

கே: இத்தனை குறை சொல்கிறீர்கள், வசூல் எப்படி வந்தது?

ப: அமெரிக்காவில் முதல் வார இறுதியில் மட்டும் 7.7 கோடி டாலர். டிசம்பர் மாத வெளியீடுகளில் அப்போது அதுதான் சாதனை, 2012-இல்தான் உடைந்தது. உலக அளவில் 58 கோடிக்கு மேல். வில் ஸ்மித் அப்போது உச்சத்தில் இருந்தார் என்பது ஒன்று. இன்னொன்று, ஆளில்லாத நியூயார்க். தெருக்களை நிஜமாகவே மூடிவிட்டு எடுத்தார்கள். புரூக்ளின் பாலத்தை ஒட்டி மக்களை வெளியேற்றும் காட்சிக்கு மட்டும் 2007 ஜனவரிக் குளிரில் ஆறு இரவு, ஆயிரம் துணை நடிகர்கள், சுமார் 50 லட்சம் டாலர். முதல் ஒரு மணி நேரத்தைப் பிடிக்காது என்று சொன்னவர்கள் குறைவு. பின்னணி இசைகூட அடக்கம். புல் முளைத்த சாலையில் மானைத் துரத்தும் காரும், கைக்கடிகாரம் பொழுது சாய்வதை எச்சரிக்கும் ஒலியும் போதுமாக இருந்தன.

கே: படத்தில் எல்லாரும் பிசாசாக மாறியதற்குத் தடுப்பூசிதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா?

ப: படத்திலேயே இல்லை. அது தடுப்பூசி அல்ல, புற்றுநோய் வந்தவர்களுக்கான வைரஸ் சிகிச்சை. 10,009 பேருக்குக் கொடுத்து 10,009 பேரும் குணமானதாகத் தொடக்கத்தில் டிவி பேட்டியில் சொல்வார்கள். 2021-இல் இந்த வதந்தி அமெரிக்காவில் சுற்றியபோது திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான அகிவா கோல்ட்ஸ்மனே, அது நான் இட்டுக்கட்டியது என்று ட்விட்டரில் எழுதவேண்டி வந்தது.

கே: மொத்தம் 600 கோடிப் பேர், அதில் 540 கோடி சாவு, 1.2 கோடி நலம், 58.8 கோடி நோய் என்று நெவில் சொல்லும் கணக்கு சரியா?

ப: கூட்டல் சரி. நோய் தொற்றாதவர்கள் 'ஒரு சதவீதத்துக்கும் குறைவு' என்பதும் சரிதான், 0.2 சதவீதம்.

கே: பழைய படங்களையும் பார்க்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

ப: 1964-இல் வந்த 'தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்'. வின்சென்ட் பிரைஸ் நடித்தது. கதை அமெரிக்கா என்றாலும் எடுத்தது ரோமில். நாவலுக்கு மிக நெருக்கம். ஆனாலும் மாதசனுக்குப் பிடிக்காமல், தான் எழுதிய திரைக்கதைக்கு லோகன் ஸ்வான்சன் என்று புனைபெயர் போட்டுக்கொண்டார். அமெரிக்காவில் காப்புரிமை இல்லாத படம் என்பதால் மோசமான பிரதிகள் நிறையச் சுற்றுகின்றன. இது அகலத்திரைப் படம். உங்கள் பிரதி சதுரமாக இருந்தால் இரு ஓரமும் வெட்டுப்பட்டது, வேறு தேடுங்கள்.

1971-இன் 'தி ஒமேகா மேன்' (சார்ல்டன் ஹெஸ்டன்) காட்டேரியையே விட்டுவிட்டு, கறுப்பு அங்கி போட்ட வெளிறிய கூட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு விஷயத்துக்காகப் பார்க்கலாம்: அதில் நாயகன் மருந்துப் புட்டியைக் கைமாற்றிவிட்டுச் சாகிறான். 2007-இன் தியேட்டர் முடிவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

கே: மாற்று முடிவிலாவது நாய் பிழைக்கிறதா?

ப: இல்லை. இரண்டு கட்டும் பிரிவதற்கு வெகு முன்பே நாய் சாம் போய்விடுகிறது. காற்றில் பரவும் நோய் நாய்களுக்கு ஒட்டாது, கடிபட்டால் ஒட்டும் என்பது படத்தின் விதி. குழந்தைகளோடு பார்ப்பவர்கள், கண்ணியில் இருந்து தப்பி நெவில் வீடு திரும்பும் இடத்தில் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நாய் மாறுவதையோ சாவதையோ முழுதாகக் காட்ட மாட்டார்கள். கேமரா வில் ஸ்மித்தின் முகத்தை விட்டு நகராது.